கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம்

இந்தப் பக்கத்துல நாயை அவுத்து உட்டு ஓட வெக்கறதுக்கு எடம் ஏதாச்சும் இருக்குதான்னு கேட்டீங்கல்ல அம்மிணி? இந்த மாட்டாஸ்பத்திரியில அதுக்குப் பதில் சொல்லத் தெரிஞ்ச ஆளு நான் ஒருத்திதானுங்க. உக்காருங்க. டாக்டர் இப்பத்தான் ஒரு எருமையைப் பார்க்கப் போயிருக்காரு. எருமைன்னா லேசுல முடியாது.

அதா, வேப்பமரத்தடியில சந்தனக் கலர்ல படுத்திருக்குதே, அது எங்க ஆஸ்கரு. பக்கத்துல நிக்கறவரு எங்கூட்டுக்காரரு. நாச்சிமுத்துன்னு பேரு. கரண்ட் ஆபீசுல போர்மேனா இருந்து ரிட்டையர் ஆனவரு. அதிகம் பேச மாட்டாரு. நீங்க வணக்கம் வெச்சாலும் தலையைத்தான் ஆட்டுவாரு, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க நாய்க்கு என்ன பேருங்க? சரி, அப்பறம் சொல்லுங்க. நான் மொதல்ல இதைச் சொல்லி முடிச்சுடறேன்.

ஆஸ்கரு எங்க நாயே இல்லீங்க. எம்மவ கீர்த்தனா பெங்களூருல இருந்தப்ப வளர்த்தது. அவளுக்கு ஆஸ்திரேலியாவுல வேலை கெடச்சுது. "ஆறே மாசம்மா, கூட்டிக்கறேன்"ன்னு சொல்லி இங்க மூலனூருக்குக் கொண்டாந்து கட்டிட்டுப் போனா. ரெண்டு வருசம் ஆச்சு.

கட்டிப் போட்டா நாய் சும்மா இருக்குமா? மோட்டார் ஒயரைக் கடிச்சுது. செருப்பு ஸ்டேண்டைக் கடிச்சுது. கட்டின தென்னை மரத்தையே கடிச்சுது. கீர்த்தனாகிட்டப் போன்ல சொன்னா, "அம்மா, அது கயிறில்லாம ஓடணும். தினமும் ஒரு மணி நேரம். இங்கெல்லாம் நாய்க்குன்னே பார்க் இருக்கு. சுத்தியும் வேலி. உள்ள உட்டா அது பாட்டுக்கு ஓடும். கிராமத்துல எடத்துக்கா பஞ்சம்?"ங்கறா.

எடத்துக்குப் பஞ்சமில்லீங்க. ஒவ்வொரு எடத்துக்கும் ஒரு ஆளு இருக்காருல்ல, அதுதான் பஞ்சாயத்து.

மொதல்ல பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போனனுங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பசங்க கிரிக்கெட் ஆடிட்டிருந்தாங்க. ஆஸ்கரு பந்தை எடுத்துட்டு ஓடுனது ஓடுனதுதான். ரெண்டாம் நாள் வாத்தியார் கேட்டுலயே நின்னாரு. அப்பறம் காஞ்ச குளம். பூரா சீமைக்கருவேல முள்ளு. நாலு கால்லயும் முள்ளு எடுத்தனுங்க. அப்பறம் சந்தைப்பேட்டை. சந்தை இல்லாத நாள்ல காலியாத்தான் கெடக்கும்னு போனேன். அங்க பதினஞ்சு தெருநாய் குடியிருக்குது. காத்தாடியில கரண்டு எடுக்கற கம்பெனிக்காரங்க கம்பி வேலி போட்ட எடம் ஒண்ணு இருக்குது, அங்க வாட்ச்மேன் உடல. பஞ்சாயத்துத் தலைவர்கிட்டயே போய்க் கேட்டுட்டேன். "ஏனுங்க்கா, மனுசனுக்கே பார்க் இல்ல, நீங்க நாய்க்குக் கேக்கறீங்க"ன்னு சிரிச்சாரு.

மூணு மாசம். இந்த மூணு மாசமும் அலைஞ்சது நானு. அதை மனசுல வெச்சுக்கங்க.

ஒரு நாள் காலையில எனக்குத் தலைவலின்னு படுத்திருந்தேன். எங்கூட்டுக்காரரு நாயை வண்டியில முன்னாடி நிறுத்திக்கிட்டு எங்கயோ போனாரு. திரும்பி வர்றப்ப பத்து மணி. நாய் நாக்கைத் தொங்கப் போட்டுட்டு வந்து, தண்ணி குடிச்சுட்டு, படுத்துத் தூங்கிருச்சு. அது எங்கூட்டுல பகல்ல தூங்கி நான் பார்த்ததே இல்லீங்க.

"எங்க போனீங்க?"

"ஒரு கொறங்காட்டுக்கு."

கொறங்காடுன்னா தெரியுமில்லீங்களா? ஆடு மாடு மேய உடற மானாவாரிக் காடு. சுத்தியும் கிளுவைச் செடியில உசுரு வேலி. பாம்பு நுழையலாம், நாய் நுழைய முடியாது. அப்படி நெருக்கம். உள்ள போற கடவுக்கு முள்ளுல கட்டுன படல் ஒண்ணு இருக்கும், அதைச் சாத்திட்டா தீந்துது. எம்மவ சொன்ன பார்க்கு அப்படியே நம்ம ஊருல இருந்திருக்குது. நான் மூணு மாசம் அலைஞ்சு கெடைக்காதது அவருக்கு ஒரே காலையில கெடச்சிருச்சு. போகட்டும். நல்லதுதானே? எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்லீங்க.

"யாரு காடு?"ன்னு கேட்டேன்.

"சென்னியப்பனுது. அவரு திருப்பூர்ல இருக்காரு. மரகதம்னு ஒரு அம்மா குத்தகைக்கு எடுத்துச் செம்மறி மேய்க்குது."

மரகதம். அன்னைக்குத்தான் அந்தப் பேரை மொதல்ல கேட்டனுங்க.

அதுக்கப்பறம் தினமும் போனாரு. காட்டை நடுவுல ரெண்டா வேலி போட்டுப் பிரிச்சிருக்குதாம். ஒரு பக்கம் அவ ஆடு மேயும், ஒரு பக்கம் ஆஸ்கரு ஓடும். ஒரு மணி நேரம்னு போனவரு ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்தாரு. வேட்டி பூரா ஒட்டுப்புல்லு. நான் பிளாஸ்குல டீ போட்டுக் குடுத்து உடுவேன். திரும்பி வந்த பிளாஸ்கைக் கழுவறதுக்குத் திறந்தா மோர் வாசம்! கேட்டா, "குடுத்துச்சு, வாங்கிட்டேன்"ங்கறாரு. எம் பிளாஸ்குல அவ மோரு.

நான் பொறாமைப்படற பொம்பளை இல்லீங்க அம்மிணி. எங்க நாத்தனார் பத்துப் பவுன்ல ஆரம் வாங்குனப்பக்கூட நாந்தான் கொக்கி மாட்டி உட்டேன். ஆனா ஒரு மனுசன் ஊட்டுல "சரி", "ம்", "போடு" இந்த மூணு வார்த்தையை வெச்சுக்கிட்டே குடும்பம் நடத்திட்டு, காட்டுல போய் ரெண்டு மணி நேரம் என்னத்தைப் பண்றாருன்னு தோணுமா தோணாதா? நீங்களே சொல்லுங்க. இல்ல, இருங்க, மிச்சத்தையும் கேட்டுட்டுச் சொல்லுங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை நானும் கூடப் போனனுங்க. மரகதம் வந்து படலைத் திறந்தா. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். புருசன் இல்ல. கறுப்பா, ஒல்லியா, தலையில துண்டு கட்டிட்டு. பார்க்கறதுக்கு ஒண்ணும் பெருசா இல்லீங்க. ஆஸ்கரு அவளைப் பார்த்ததும் ஒரு குதி குதிச்சு, அவ கையைப் பூரா நக்குது. மூணு வேளை சோறு போடறது நானு.

"வாங்கக்கா. அண்ணன் உங்களைப் பத்திச் சொல்லுவாரு"ன்னா. அண்ணன்னுதான் கூப்புடறா. கூப்புடட்டும்.

"என்ன சொல்லுவாரு?"

"நீங்க நல்லாப் பேசுவீங்கன்னு சொன்னாரு."

பாருங்க, என்னைப் பத்திப் பெருமையாத்தான் சொல்லியிருக்காரு. அன்னைக்கு நானும் ரெண்டு மணி நேரம் அவளோட நல்லாத்தான் பேசுனேன். கீர்த்தனா கதை, எம் மூட்டுவலி, எங்கூட்டுப் பட்டா தகராறு எல்லாம் சொன்னேன். அவ "ம்"முன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. அவரு நாயோட அந்தக் கோடிக்குப் போயிட்டாரு. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல. அதுதான் எனக்குச் சந்தேகம். நான் இருக்கறப்பப் பேசாதவங்க நான் இல்லாதப்ப என்ன பேசுவாங்க?

அடுத்த புதன்கிழமை தம்பி ஊட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு, மினி பஸ்சுல போய் இறங்கி, வேலிக்கு இந்தப் பக்கமா இட்டேரியில, அதான் ரெண்டு வேலிக்கு நடுவுல போற தடத்துல, நடந்தனுங்க. கிளுவை வேலி அவ்வளவு நெருக்கமில்லீங்களா, ஒண்ணும் தெரியாது. ஆனா காதுல நல்லா உழும். வேலிக்கு மேல தெரிஞ்ச வெள்வேல மரத்தடியில இருந்து குரல் வந்துச்சு.

எங்கூட்டுக்காரரு பேசிட்டிருந்தாரு.

நான் அப்படியே நின்னுட்டனுங்க. அவரு குரல்தான். ஆனா வேற யாரோ மாதிரி. நிறுத்தி நிறுத்திப் பேசறாரு. நடுவுல ரொம்ப நேரம் சத்தமே வராது. அவ ஒண்ணும் எடுத்துக் குடுக்க மாட்டேங்கறா. என்ன பொம்பளையோ! அவருக்கு வார்த்தை சட்டுனு வராதுங்க. நான்னா உடனே எடுத்துக் குடுத்திருப்பேன். அவ சும்மா இருந்தா. அவரு மறுபடியும் ஆரம்பிச்சாரு.

கனகராசுன்னு ஒரு லைன்மேன் கதை. இவருக்குக் கீழ வேலை பார்த்த பையன். இருபது வருசத்துக்கு முன்னாடி கம்பத்துல இருந்து உழுந்து செத்துப் போயிட்டான். அது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். சாவுக்கு நானும் போயிருந்தேன். ஆனா எனக்குத் தெரியாதது என்னன்னா, அன்னைக்கு அந்தப் பையன் லீவு கேட்டிருக்கான். கொழந்தைக்குக் காது குத்து. இவருதான், "ஒரே ஒரு கம்பம், முடிச்சுட்டுப் போடா"ன்னு ஏத்தி உட்டிருக்காரு. லைனை நிறுத்திட்டுத்தான் ஏத்துனாரு. எவனோ ஒருத்தன் தோட்டத்துல ஜெனரேட்டரைப் போட்டிருக்கான், அதுல இருந்து கரண்டு திரும்பி வந்திருக்குது. ஏறறதுக்கு முன்னாடி அந்தப் பையன் புதுச் செருப்பைக் கழட்டிக் கம்பத்தடியில வெச்சுட்டு, "அண்ணா, இதை மட்டும் பார்த்துக்கங்க"ன்னானாம்.

அந்தச் செருப்பைக் கொண்டுபோய் அவன் ஊட்டுல குடுக்க இவருக்கு மனசு வரல. ஸ்கூட்டர் பெட்டியிலயே வெச்சிருந்தாராம். ஒரு வருசம். "அப்பறம் ஒரு நாள் பார்த்தேன், இல்ல"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

அந்தச் செருப்பைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டது நாந்தான். யாரோட செருப்பையோ எதுக்கு வண்டியில வெச்சிருக்கீங்கன்னு நான் ஒரு வாரம் சத்தம் போட்டது எனக்கே ஞாபகம் இருக்குது. அப்ப அவரு ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா நான் போட்டிருப்பனா? அதை என்கிட்டச் சொல்லாம இருபது வருசம் வெச்சிருந்து, நேத்து வந்த ஆட்டுக்காரிகிட்டச் சொல்றாரு. மோரு குடுத்தவகிட்ட.

அவ என்ன சொன்னாள்னு கேளுங்க. "அந்தக் கொழந்தைக்கு இப்ப என்ன வயசு இருக்கும்ணா?"ன்னா. அவ்வளவுதான். ஆறுதல்கூடச் சொல்லல. அதுக்கு இவரு அழுதாருங்க. எங்க மாமியா செத்தப்பக்கூட அழுகாத மனுசன்.

வேற பொம்பளையோட அவரு சிரிச்சுப் பேசியிருந்தாக்கூட நான் பொறுத்துக்கிட்டிருப்பனுங்க. ஊட்டுக்கு வந்து நாலு கேள்வி கேட்டிருப்பேன், தீந்திருக்கும். இதை நான் எங்க போய்க் கேக்கறது? எனக்கு வரவேண்டியதைக் கொண்டுபோய் அவ கையில குடுத்துட்டாருன்னு யாருகிட்டச் சொல்றது?

அன்னைக்குச் சாயங்காலம் சென்னியப்பனுக்குப் போன் பண்ணுனேன். அவரு எங்க சித்தி வழியில ஒறம்பரை, நம்பரு கல்யாணப் பத்திரிகையில இருந்துச்சு. "உங்க காட்டுல அந்தப் பொம்பளை ஊரு நாயெல்லாம் உள்ள உடறா. வேலி போச்சு, ஆடு மாடு மேயற மேவு போச்சு. நாளைக்கு ஆளைக் கடிச்சா போலீசு உங்களைத்தானே தேடி வரும்?"ன்னேன். பேரு கேட்டாரு. நல்லது நினைக்கிற ஒருத்தின்னு சொல்லி வெச்சுட்டேன். பொய்யின்னு சொல்ல முடியாதுங்க. நாய் உள்ள போறது நெசந்தானே? ஒரு நாய்ங்கறதைத்தான் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன்.

அடுத்த வாரமே எங்கூட்டுக்காரரு அரை மணி நேரத்துல திரும்பி வந்தாரு. நாய்ச் சங்கிலியை ஆணியில மாட்டுனாரு.

"பூட்டிட்டாங்க"ன்னாரு.

"ஏனாம்?"

"தெரியல. யாரோ சென்னியப்பனுக்குப் போன் பண்ணியிருக்காங்க. அந்த அம்மாளையும் காட்டை உட்டுப் போகச் சொல்லிட்டாங்களாம்."

அது எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது. நாயைத்தான் உடாம இருப்பாங்கன்னு நினைச்சேன். மரகதம் அறுபது ஆட்டை ஓட்டிக்கிட்டு அவ அண்ணன் ஊட்டுப் பக்கம் போயிட்டாள்னு பின்னாடி கேள்விப்பட்டேன். அங்க வேலியும் இல்ல, மேயக் காடும் இல்ல, ரோட்டோரத்துல மேய்க்கறாளாம். ரெண்டு குட்டி லாரியில அடிபட்டுச்சாம். எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல. அதைச் சொல்லணுமில்லீங்களா, சொல்லிட்டேன்.

ஆனா நான் சும்மா உக்காரல. எம் தம்பி குமரேசனுக்குக் கம்பி வலை போட்ட தோட்டம் ஒண்ணு தண்ணி இல்லாமச் சும்மா கெடக்குது. போய்ச் சாவியை வாங்கிட்டு வந்தேன். "வாங்க, எம் பொறந்த ஊட்டு எடம். இனி யாரு பூட்டறாங்கன்னு பார்ப்போம்"ன்னு அவரையும் நாயையும் கூட்டிட்டுப் போனேன். தினமும் போனோம். ஆஸ்கரு ஓடுச்சு. அவரு பந்தை வீசுனாரு. நான் பக்கத்துல உக்காந்து, "பேசுங்க, பழைய கதை ஏதாச்சும் சொல்லுங்க, வேலையில நடந்தது, லைன்ல நடந்தது"ன்னு எடுத்து எடுத்துக் குடுத்தேன். "என்னத்தைச் சொல்றது"ன்னாரு. அவரு சொல்லாததுனால நானே சொன்னேன். இப்படி ரெண்டு மாசம்.

அப்பறம் எனக்குத் தொண்டை கட்டிருச்சு. தாராபுரத்து டாக்டரு லைட்டு அடிச்சுப் பார்த்துட்டு, "குரல் நாண் வீங்கியிருக்கும்மா. பதினஞ்சு நாளு வாயே திறக்கக்கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக்கூடாது"ன்னுட்டாரு. மொத நாலு நாள் நரகமுங்க. தோட்டத்துல உக்காந்திருந்தா காத்துச் சத்தம் கேக்குது. நாய் மூச்சு வாங்கறது கேக்குது. எனக்கு அதெல்லாம் கேட்டுப் பழக்கமில்ல.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, அவரு பந்தைக் கையில வெச்சுக்கிட்டு வீசாம இருந்தாரு. ஆஸ்கரு முன்னாடி உக்காந்து பார்த்துட்டே இருக்குது.

"வசந்தா"ன்னாரு. என்னைப் பேரு சொல்லிக் கூப்புட்டு எத்தனை வருசம்! "கனகராசுன்னு ஒரு பையன் இருந்தான் பாரு."

நான் தலையை ஆட்டுனேன். வருது, எனக்கு வருது.

"அன்னைக்கு அவன் என்கிட்ட லீவு கேட்டான். ஊட்டுல விசேசம். அவன் கொழந்தைக்கு..." நிறுத்திட்டாரு. தரையைப் பார்த்துட்டு இருந்தாரு. "கொழந்தைக்கு..."

"காது குத்து"ன்னேன்.

கரகரன்னுதான் வந்துச்சு. ஆனா வந்துருச்சு.

அவரு என்னைத் திரும்பிப் பார்த்தாரு. அது ஊருல யாருக்கும் தெரியாதுங்க. அந்த லீவு காது குத்துக்குக் கேட்டதுங்கறது அவனுக்கும் இவருக்கும் மட்டுந்தான் தெரியும். அப்பறம் அந்த வேலிக்கு அந்தப் பக்கம் உக்காந்து கேட்டவளுக்கு.

"சென்னியப்பனுக்குப் போன் பண்ணுனது நீயா?"

குரல் இல்லாதவ என்ன சொல்றது? தலையை ஆட்டுனேன். அடிப்பாருன்னுகூட நினைச்சேன். முப்பத்தோரு வருசத்துல கை ஓங்குனதில்ல, இருந்தாலும் நினைச்சேன். அவரு பந்தை வீசுனாரு. ஆஸ்கரு எடுத்துட்டு வந்துச்சு. மறுபடியும் வீசுனாரு. அப்பறம், உட்ட எடத்துல இருந்து கதையைச் சொல்ல ஆரம்பிச்சாருங்க. முழுசா சொன்னாரு. செருப்பு வரைக்கும். செருப்பு வந்தப்ப நான் அவரு கையைப் புடிச்சுக்கிட்டேன். எடுத்துக் குடுக்க ஒரு வார்த்தையும் என்கிட்ட இல்ல.

முடிச்சுட்டு, "நாளைக்கு மரகதத்தைப் பார்க்கப் போறோம். நீ ஒண்ணும் பேச வேண்டாம்"ன்னாரு. பேசறதுக்கு எனக்கு எங்க குரல் இருந்துச்சு!

போனோம். அவ ரோட்டோரத்துல புளியமரத்தடியில நின்னுட்டிருந்தா. இன்னும் கறுத்திருந்தா. எங்கூட்டுக்காரரு மறைக்காமச் சொல்லிட்டாரு. "எங்க ஊட்டுலதான் போன் பண்ணியிருக்குது. தப்பு எங்களுது"ன்னாரு. நான் அவ கையைப் புடிக்கப் போனேன். அவ கையை இழுத்துக்கிட்டா. "ஏனுங்க்கா, என்கிட்ட வந்து, அவரை உள்ள உடாதடின்னு சொல்லியிருந்தா நானே அண்ணனை வர வேண்டாம்னு சொல்லியிருப்பேனே. எங்குட்டிக ரெண்டு போச்சுங்க்கா"ன்னா. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. வேற எவளா இருந்தாலும் வாய்க்கு வந்தபடி வைஞ்சிருப்பா. வைஞ்சிருந்தா எனக்கும் பாரம் எறங்கியிருக்கும்.

அப்பத்தான் எங்கூட்டுக்காரரு என்னைக் கேக்காமலே, "உங்க ஆட்டை எங்க மச்சான் தோட்டத்துல உடுங்க. வலை போட்டிருக்குது. ஒரு ஓரம் நாய்க்குப் போதும்"ன்னாரு. எம் தம்பி தோட்டம்! எம் பொறந்த ஊட்டு எடம்! வேண்டாம்னு சொல்ல வாயைத் திறந்தேன், காத்துத்தான் வந்துச்சு. அவ என்னைப் பார்த்தா. தலையை ஆட்டிட்டேன்.

இப்ப எட்டு மாசமா அங்கதானுங்க அவ ஆடு மேயுது. குரல் வந்ததுக்கப்பறம் தம்பிகிட்ட நான்தான் பேசிச் சம்மதிக்க வெச்சேன். நாங்க தினமும் காலையில போவோம். நான் ஒரு நாள்கூட உடறதில்ல. ஆஸ்கரு இன்னைக்கும் எறங்குன ஒடனே அவகிட்டத்தான் ஓடும். எங்கூட்டுக்காரரு அவ மோரைக் குடிச்சுட்டு, "உப்பு சரியா இருக்குது"ன்னு சொல்லுவாரு. எங்கூட்டு மோருக்கு அப்படி ஒரு நாளும் சொன்னதில்ல. பார்த்துட்டுத்தான் இருக்கேன். மரகதம் இன்னும் என்கிட்டப் பாதிதான் பேசறா. பேசட்டும், எனக்கென்ன.

ஆனா முந்தாநாள் ஒண்ணு நடந்துச்சு அம்மிணி. தோட்டத்துக்குப் போற வழியில, வாய்க்கால் பாலத்துக்கிட்ட அவரு வண்டியை நிறுத்துனாரு. எறங்கவும் இல்ல, திரும்பவும் இல்ல. முன்னாடி பார்த்துக்கிட்டே ஒரு விசயம் சொன்னாரு. அவரு சின்ன வயசுல நடந்தது. நிறுத்தி நிறுத்திச் சொன்னாரு. நான் பின்னாடி உக்காந்துட்டு உதட்டைக் கடிச்சுக்கிட்டு இருந்தனுங்க, ரத்தம் வராததுதான் பாக்கி. ஒரு வார்த்தை எடுத்துக் குடுக்கல. முடிச்சுட்டு வண்டியைக் கிளப்பறப்ப, "இது மரகதத்துக்குத் தெரியாது"ன்னாரு.

என்ன விசயம்னுதானே கேக்க வர்றீங்க? எதை வேணும்னாலும் கேளுங்க அம்மிணி, சொல்றேன். அதை மட்டும் சொல்ல மாட்டேன்.